ஒன்றியம், மாநிலம், உள்ளாட்சி: கூட்டாட்சிச் சொற்களின் தமிழாக்கம் – ஒரு திறனாய்வு

1. நோக்கம்

கூட்டாட்சி அமைப்பில் எந்த ஆட்சிக்கு எவ்வளவு அதிகாரம் என்னும் வினா சட்ட அறிஞர்க்கும் அரசியலார்க்குமே உரியது எனப் பொதுவாகக் கருதப்படுகிறது. ஆயின் அவ்வினாவிற்கு அரசமைப்பு தரும் விடை முழுவதும் சொற்களால் ஆனது. இந்திய அரசமைப்பு ஆங்கிலத்தில் இயற்றப்பட்டது. அது வகுத்த ஆட்சிப் பங்கீடு குடிமக்களுள் மிகப் பெரும்பாலோரைச் சென்றடைவது மொழிபெயர்ப்பின் வழியாகவே ஆகும். ஆகவே மொழிபெயர்ப்பில் நிகழும் தேர்வு ஒவ்வொன்றும் அதிகாரத்தைப் பற்றிய ஒரு விளக்கமாகவும் அமைந்துவிடுகிறது.

கூட்டாட்சி பற்றிய தமிழ்ச் சொற்கள் சிலவற்றை எடுத்துக்கொண்டு, அவை மூலத்தின் அதிகார உறவை எந்த அளவு காட்டுகின்றன, எந்த அளவு மறைக்கின்றன என ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். சொல் வடசொல்லா, தனித்தமிழ்ச்சொல்லா என்னும் அளவுகோல் இங்குக் கையாளப்படவில்லை. சொல் சுட்டும் உறவு சரியா என்பது ஒன்றே அளவுகோல். ஆய்வுக்குரிய களமாக ஐதராபாத் நகரின் செகந்தராபாத் பகுதியிலுள்ள மெட்டுகுடா கொள்ளப்படுகிறது. சிறிய இடமாயினும் மூன்று ஆட்சிகளும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் இடம் அது. தெலுங்கு, உருது, இந்தி, தமிழ் ஆகிய நான்கு மொழிகளும் அங்கே புழங்குகின்றன. சொற்களைச் சோதிக்க இத்தகைய இடமே ஏற்றது.

2. ஓரிடம், மூன்று ஆட்சிகள்

மெட்டுகுடா என்னும் பெயரின் முதற்பகுதி தமிழின் மேடு, மெட்டு என்பவற்றோடு இனமுடையது. குடா என்பது சிற்றூரைக் குறிக்கும் பின்னொட்டாக ஐதராபாத் இடப்பெயர்களில் மிகுதியும் வருவது. இவ்விடத்தின் இன்றைய முகத்தை அமைத்தது இரயில்வே. 1874-இல் வாடியிலிருந்து செகந்தராபாத்துக்குப் பாதை வந்தது. நிஜாமின் பெயரால் வழங்கிய அந்த இரயில்வே 1930-இல் நேரடியாக நிஜாம் அரசின் உடைமையாயிற்று. விடுதலைக்குப் பின் இந்திய இரயில்வேயோடு இணைக்கப்பட்டது. 1966 அக்டோபர் 2-ஆம் நாள் செகந்தராபாத்தைத் தலைமையிடமாகக் கொண்டு தென்மத்திய இரயில்வே தோன்றியது. மெட்டுகுடா, லாலாகுடா பகுதிகளில் இரயில்வே குடியிருப்புகளும் பணிமனையும் மருத்துவமனையும் அமைந்துள்ளன. இரயில்வேப் பணியையும் படைப் பாளையத்தையும் ஒட்டி வந்த தமிழ்க் குடும்பங்கள் செகந்தராபாத்தில் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன.

அரசமைப்பின் ஏழாம் இணைப்புப் பட்டியலின்படி இரயில்வே ஒன்றியப் பட்டியலின் 22-ஆம் இனம். உள்ளாட்சி மாநிலப் பட்டியலின் 5-ஆம் இனம். இந்த அளவில் எல்லைக்கோடு தெளிவானதே. ஆயின் மெட்டுகுடாவின் தெருவில் நின்று நோக்கினால் அக்கோடு வளைந்து வளைந்து செல்வது புலப்படும். சான்றுகள் மூன்று.

முதலாவது காவல். இரயில்வே ஒன்றியத்துக்கு உரியது. ஆனால் மாநிலப் பட்டியலின் 2-ஆம் இனம் காவல்துறை என்பதனுள் இரயில்வேக் காவலையும் வெளிப்படையாக அடக்குகிறது. எனவே நிலையத்தில் நிகழும் குற்றத்தைப் பதிவுசெய்து புலனாய்வது மாநில அரசின் இரயில்வேக் காவல்துறை. 1957-ஆம் ஆண்டுச் சட்டத்தின்வழி அமைந்த இரயில்வே பாதுகாப்புப் படையோ ஒன்றியத்தின் படை. தமிழ் நாளிதழ்களில் இவ்விரண்டும் பெரும்பாலும் 'ரயில்வே போலீஸ்' என்னும் ஒரே தொடரால் குறிக்கப்படுகின்றன. பொருளைப் பறிகொடுத்த பயணி எந்தக் கதவைத் தட்டுவது என்பதை அத்தொடர் சொல்வதில்லை.

இரண்டாவது வரி. 285-ஆம் உறுப்பின்படி ஒன்றியத்தின் சொத்துக்கு, பாராளுமன்றம் வேறு வகையில் விதித்தாலன்றி, மாநிலமோ மாநிலத்திலுள்ள அமைப்போ வரி விதிக்க இயலாது. இரயில்வே குடியிருப்புக்கு முன்னுள்ள சாலையையும் குப்பையையும் மாநகராட்சி கவனிக்கிறது. ஆனால் அக்குடியிருப்பிலிருந்து சொத்துவரி பெற இயலுவதில்லை. இராஜ்கோட் மாநகராட்சி தொடர்பான வழக்கில் 2009-இல் உச்ச நீதிமன்றத்தில் பதிவான ஏற்பாடு, வரிக்கு மாற்றாகப் பெற்ற சேவையின் அளவுக்கேற்பச் 'சேவைக் கட்டணம்' செலுத்துவதற்கு வழிசெய்தது. பணம் ஏறத்தாழ ஒரே நோக்கிற்குத்தான் செல்கிறது. ஆனால் 'வரி' என்றால் அரசமைப்புக்கு மாறானது, 'கட்டணம்' என்றால் செல்லத்தக்கது. இவ்விரு சொற்களையும் ஒன்றற்கொன்று மாற்றாக எழுதும் மொழிபெயர்ப்பு தீர்ப்பையே பொருளற்றதாக்கிவிடும்.

மூன்றாவதே மொழியியலார்க்கு மிகவும் சுவையுடையது. 2017 நவம்பர் இறுதியில் நாகோல் – மியாபூர் இடையே தொடங்கப்பெற்ற மெட்ரோ இரயில் மெட்டுகுடாவின் வழியே செல்கிறது. இது இரயிலா? மக்கள் வழக்கில் ஐயமில்லை. ஆயின் அரசமைப்பின் 366-ஆம் உறுப்பு, 'இரயில்வே' என்பதற்கு இலக்கணம் கூறுமிடத்து, முழுவதும் ஒரு நகராட்சி எல்லைக்குள் அமையும் டிராம் தடத்தை அதிலிருந்து விலக்குகிறது. மாநிலப் பட்டியலின் 13-ஆம் இனமோ நகராட்சி டிராம் தடங்களை மாநிலத்துக்கு உரியனவாக்குகிறது. இதனாற்றான் அன்றைய ஆந்திரப் பிரதேசம் 2008-இல் நகராட்சி டிராம் தடங்கள் சட்டம் ஒன்றை இயற்றி, அதன்கீழ் இம்மெட்ரோவை அமைக்க முற்பட்டது. பின்னர் 2012-இல் அது ஒன்றியத்தின் மெட்ரோ இரயில் சட்டத்தின்கீழ்க் கொண்டுவரப்பட்டது. ஒரே தண்டவாளம் 'டிராம்' எனப்பட்டபோது மாநிலத்தின் கையிலும் 'இரயில்' எனப்பட்டபோது ஒன்றியத்தின் கையிலும் இருந்தது.

தமிழ் வாசகர்க்கு 'டிராம்' என்பது 1953-இல் சென்னைத் தெருக்களிலிருந்து மறைந்துபோன ஒரு பழைய வண்டி. அச்சொல்லை அவ்வாறே ஒலிபெயர்த்து எழுதினால் சட்டத்தின் நோக்கம் வாசகர்க்கு எட்டாது; வேடிக்கையாகவே தோன்றும். 'நகராட்சி எல்லைக்குள் அடங்கிய தண்டவாள வண்டித்தடம்' என முதன்முறை வருமிடத்து விரித்தெழுதுவதே தக்கது. இங்கு மொழிபெயர்க்க வேண்டியது வண்டியின் பெயரை அன்று, எல்லையைப் பற்றிய வரையறையை.

3. மத்திய, நடுவண், ஒன்றிய

2021 மே மாதத்திற்குப் பின் தமிழ்நாட்டு அரசின் ஆவணங்களில் 'ஒன்றிய அரசு' என்னும் தொடர் முறையாக இடம்பெற்றது. அவ்வாண்டு ஜூன் 23-ஆம் நாள் சட்டமன்றத்தில் எழுந்த வினாவிற்கு விடையளித்த முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், அரசமைப்பின் முதல் உறுப்பையே அதற்கு ஆதாரமாகக் காட்டினார். அச்சொல் நாட்டின் ஒற்றுமையைக் குறைத்துக் காட்டுவதாக ஒரு சாராரும், மாநிலங்களின் உரிமையை உயர்த்துவதாக மற்றொரு சாராரும் வாதிட்டனர். இரு சாராரும் ஆராயாது விட்டவை சில உள.

முதற்கண், 'மத்திய' என்பதற்கும் 'நடுவண்' என்பதற்கும் உள்ள வேறுபாடு சொற்பிறப்பைச் சார்ந்தது, பொருளில் வேறுபாடில்லை. இரண்டும் ஒரு வட்டத்தையும் அதன் நடுவையும் உருவகிக்கின்றன. நடு என்று ஒன்று இருப்பின் ஏனையவை ஓரமாகும். 'நடுவண்' என்பதற்கும் 'ஒன்றிய' என்பதற்கும் உள்ள வேறுபாடோ பொருளைச் சார்ந்தது. தமிழ்ச் சொல்லாக்க விவாதங்கள் நெடுங்காலம் முதல் வேறுபாட்டிலேயே நின்றமையால் இரண்டாவது வேறுபாடு கவனம் பெறாது போயிற்று.

இரண்டாவதாக, மூலத்திலேயே சொல் ஒன்றன்று. 1919-ஆம் ஆண்டுச் சீர்திருத்தம் துறைகளை மத்தியத் துறைகள் என்றும் மாகாணத் துறைகள் என்றும் பகுத்தது. 1935-ஆம் ஆண்டுச் சட்டம் கூட்டரசு என்னும் கருத்தைக் கொண்டுவந்தது. 1950-ஆம் ஆண்டு அரசமைப்பு 'யூனியன்' என்றது. ஆயினும் பாராளுமன்றச் சட்டங்கள் இன்றுவரை 'சென்ட்ரல் கவர்ன்மெண்ட்' என்றே வழங்குகின்றன. 1897-ஆம் ஆண்டுப் பொது வகைமுறைகள் சட்டம் அத்தொடருக்குக் குடியரசுத் தலைவர் எனப் பொருள் வரையறை செய்கிறது. எனவே அரசமைப்பைத் தமிழாக்குவோர் 'ஒன்றியம்' எனல் வேண்டும். அத்தொடர் வரும் ஒரு சட்டத்தின் பிரிவைத் தமிழாக்குவோர் 'மத்திய அரசு' என எழுதுவது பிழையாகாது. இரண்டையும் ஒரே சொல்லால் எழுதுவது சீர்மையாகத் தோன்றினும், மூலத்தின் வரலாற்று அடுக்கை அழித்துவிடுகிறது.

மூன்றாவது இலக்கணம் பற்றியது. ஒன்றியம் என்னும் பெயர் அரசு என்பதனோடு தொகும்போது மகர ஈறு கெட்டு 'ஒன்றிய அரசு' ஆகிறது. மாநிலம் 'மாநில அரசு' ஆவது போல. ஆனால் 'மாநில' என்பதற்கு வேறு வாசிப்பு இல்லை. 'ஒன்றிய' என்பதற்கு உண்டு. அது ஒன்று என்னும் வினையின் இறந்தகாலப் பெயரெச்சமும் ஆகும். அவ்வாறு கொள்ளின் 'ஒன்றுபட்டு அமைந்த அரசு' என்று பொருள்படும். தனித்தனியே இருந்தவை தாமே வந்து கூடின என்னும் குறிப்பு இதில் உண்டு. அரசமைப்பு வரைவை முன்வைத்து 1948 நவம்பர் 4-ஆம் நாள் ஆற்றிய உரையில் அம்பேத்கர் 'யூனியன்' என்னும் சொல்லைத் தெரிந்தெடுத்ததற்குக் கூறிய காரணம் இதற்கு நேர்மாறானது. இக்கூட்டமைப்பு மாநிலங்களின் உடன்படிக்கையால் தோன்றியதன்று; ஆகவே எம்மாநிலமும் பிரிந்து செல்லும் உரிமையுடையதன்று; அழிவற்றது என்பதைக் காட்டவே அச்சொல் எடுக்கப்பட்டது என்பது அவர் விளக்கம்.

இதனை நோக்க, 'ஒன்றியம்' என்னும் சொல் ஒற்றுமையைக் குலைக்கும் என்னும் அச்சத்திற்கு மூலத்தில் இடமில்லை. அச்சொல்லே மாநில உரிமையைத் தந்துவிடும் என்னும் நம்பிக்கைக்கும் இடமில்லை. மாநில உரிமைக்கான வாதம் பட்டியல்களிலும் நிதிப் பங்கீட்டிலும் நின்று செய்யப்படவேண்டியதே அன்றி, ஒரு சொல்லின்மேல் ஏற்றப்படத் தக்கதன்று. பெயரெச்ச மயக்கத்தைத் தவிர்க்க விரும்புவோர் சட்ட நடையில் அத்துச் சாரியை பெற்ற 'ஒன்றியத்து அரசு' என்னும் வடிவை மேற்கொள்ளலாம். மகர ஈற்றுப் பெயர்களுக்கு அது இயல்பான வடிவே.

நான்காவதாக ஒரு தடை கூறப்படுவதுண்டு. 1958-ஆம் ஆண்டுச் சென்னை ஊராட்சிச் சட்டத்தின்வழி அமைந்த பஞ்சாயத்து யூனியன்களுக்கு 'ஊராட்சி ஒன்றியம்' என்னும் பெயர் வேரூன்றிவிட்டது. சிற்றூர் மக்களுக்கு ஒன்றிய அலுவலகம் என்றால் வட்டார அலுவலகமே நினைவுக்கு வரும் என்பது அத்தடை. இது பொருட்படுத்தத்தக்கது. ஆயின் இம்மயக்கம் ஆங்கில மூலத்திலும் உள்ளதே. அங்கும் இரண்டற்கும் சொல் ஒன்றுதான். அடைமொழி கொடுத்து வேறுபடுத்துவதே இதற்குத் தீர்வாகும்; சொல்லைக் கைவிடுதல் தீர்வாகாது.

4. மாநிலமும் ராஷ்டிரமும்

மெட்டுகுடாவில் ஒரே அரசைக் குறிக்க மூன்று சொற்கள் காதில் விழும். தெலுங்கில் அது 'ராஷ்ட்ர ப்ரபுத்வம்'. இந்தியில் 'ராஜ்ய சர்க்கார்'. உருதுவில் 'ரியாசதி ஹுகூமத்'. தெலுங்கர்க்கு ராஷ்டிரம் என்பது மாநிலம். இந்தியாளர்க்கு அதே சொல் தேசம். குடியரசுத் தலைவரைக் குறிக்கும் 'ராஷ்டிரபதி' என்னும் சொல் தெலுங்கிலும் வழங்குவதால், அம்மொழியில் ஒரே பகுதி இருவேறு அளவில் பொருள்படுகிறது. இதன் விளைவை அண்மை அரசியலில் காணலாம். 2001-இல் தோன்றிய தெலங்காணா ராஷ்டிர சமிதி 2022-இல் பாரத ராஷ்டிர சமிதி எனப் பெயர் மாற்றம் பெற்றது. மாறியது முதற்சொல் மட்டுமே எனத் தோன்றும். உண்மையில் நடுச்சொல்லும் மாறியது. முன்னதில் அது தெலுங்குப் பொருளில் மாநிலத்தைச் சுட்டியது. பின்னதில் இந்திப் பொருளில் நாட்டைச் சுட்டுகிறது. எழுத்து மாறாமல் பொருள் மட்டும் இடம்பெயர்ந்தமைக்கு இது சிறந்த எடுத்துக்காட்டு. தமிழில் இப்பெயர்களை ஒலிபெயர்த்து மட்டும் எழுதுங்கால் இவ்வேறுபாடு புலனாவதில்லை.

உருதுச் சொல்லான ரியாசத் முன்னர் மன்னராட்சிப் பகுதியைக் குறித்தது; நிஜாமின் ஐதராபாத்தே அத்தகைய ரியாசத்தாக இருந்தது. தமிழ் இங்கு நல்வாய்ப்பு உடையது. ஆங்கிலத்தின் 'ஸ்டேட்' என்னும் ஒரே சொல்லுக்கு இடம் நோக்கிச் சமஸ்தானம், மாநிலம், அரசு, நாடு என நான்கு சொற்கள் தமிழில் உள்ளன. நிஜாமின் 'ஸ்டேட்' இரயில்வே என்பதை 'மாநில இரயில்வே' என மொழிபெயர்ப்பது காலப் பிழை. அங்குச் 'சமஸ்தானம்' என்பதே பொருந்தும்.

5. கூட்டாட்சி என்னும் சொல்

'கூட்டாட்சி' என்பது இன்று நிலைபெற்ற கலைச்சொல். ஆயினும் அதற்கு இரு பொருள்கள் உண்டு என்பது போதிய அளவு கவனிக்கப்படவில்லை. ஒன்று, ஒன்றியமும் மாநிலமும் அதிகாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் அமைப்பு. மற்றொன்று, கட்சிகள் பல கூடி நடத்தும் ஆட்சி. திராவிட முன்னேற்றக் கழகம் 1970-இல் முழங்கிய 'மாநிலத்தில் சுயாட்சி. மத்தியில் கூட்டாட்சி' என்னும் முழக்கத்தில் கருதப்பட்டது முதற்பொருள். 1969-இல் அமைந்த இராஜமன்னார் குழுவும், 1971-இல் வெளிவந்த அதன் அறிக்கையும், 1974 ஏப்ரல் 16-ஆம் நாள் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானமும் அப்பொருளையே உறுதிசெய்கின்றன. ஆனால் 1989-க்குப் பின் தில்லியில் பல கட்சி அமைச்சரவைகள் தோன்றிய காலத்தில் வளர்ந்த வாசகர், 'மத்தியில் கூட்டாட்சி' என்பதைப் பல கட்சிகளின் ஆட்சி எனப் படிக்க நேர்கிறது. அரசமைப்பைப் பற்றிய ஒரு கோரிக்கை, தேர்தல் உடன்பாட்டைப் பற்றியதாகச் சுருங்கிவிடுகிறது. கட்சிகளின் கூட்டுக்குக் 'கூட்டணி ஆட்சி' என்பதை மட்டுமே வழங்கி, கூட்டாட்சியை அமைப்புக்கே ஒதுக்கிவைத்தல் நலம். இம்முழக்கத்தில் மாநில உரிமை பேசுவோரே 'மத்தி' என்னும் சொல்லைத் தயக்கமின்றி ஆண்டிருப்பதும் நோக்கத்தக்கது.

இச்சொல்லின் எடையை இந்தியத் தமிழரினும் மிகுதியாக உணர்ந்தவர் இலங்கைத் தமிழர். 1949 டிசம்பரில் சா.ஜே.வே. செல்வநாயகம் தலைமையில் தோன்றிய கட்சி தமிழில் 'இலங்கைத் தமிழரசுக் கட்சி' எனவும் ஆங்கிலத்தில் கூட்டாட்சிக் கட்சி எனப் பொருள்படும் பெயராலும் வழங்கிற்று. ஒரு பெயர் மற்றதன் மொழிபெயர்ப்பன்று. தமிழ்ப் பெயரைக் காட்டித் தனியரசே அக்கட்சியின் நோக்கம் எனக் குற்றஞ்சாட்டுவதற்கு இவ்வேறுபாடு இடமளித்தது. பல பத்தாண்டுகளுக்குப் பின் அதே கட்சியின்மேல் தொடரப்பட்ட வழக்கில், கட்சி யாப்பில் ஆளப்பட்ட 'சமஷ்டி', 'இணைப்பாட்சி' என்னும் தமிழ்ச் சொற்கள் கூட்டாட்சியைக் குறிப்பனவா, தனியரசுகளின் தளர்ந்த கூட்டைக் குறிப்பனவா என்பது வாதப் பொருளாயிற்று. பிளவுபடாத இலங்கைக்குள் கூட்டாட்சி கோருவது தனிநாடு கோருவதாகாது என 2017 ஆகஸ்டில் இலங்கை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒரு கலைச்சொல்லின் பொருள் ஒரு கட்சியின் இருப்புக்கே வினாவாக நின்றமையை மொழிபெயர்ப்பாளர் மறத்தலாகாது.

அவ்வாண்டு செப்டம்பரில் வெளியான அரசமைப்புப் பேரவை வழிநடத்தற்குழுவின் இடைக்கால அறிக்கை இன்னும் நுட்பமானது. சிங்களத்தில் முன்னிருந்த 'ஏக்கிய இராஜ்ய' என்னும் தொடரை அது பேணியது. தமிழில் 'ஒற்றையாட்சி' என்பதற்கு ஈடாக 'ஒருமித்த நாடு' என்பதை முன்மொழிந்தது. இங்கும் 'ஒருமித்த' என்பது பெயரெச்சமே. மனம் இசைந்து ஒன்றுபட்ட நாடு என அது தமிழர்க்குத் தோன்றும். சிங்களத் தொடரோ ஆட்சி ஒன்றே என்னும் பழைய பொருளை இழக்கவில்லை. இரு மொழியாரும் வெவ்வேறு உடன்படிக்கையைப் படிக்குமாறு அமைந்த இத்தகைய சொல்லிணையை மொழிபெயர்ப்பு எனல் அரிது. கருத்து வேறுபாட்டைத் தீர்க்காது, இரு மொழிகளுக்கிடையே அதை ஒதுக்கிவைக்கும் உத்தி என்றே அதனைக் கூறவேண்டும்.

மலேசியத் தமிழில் 'கூட்டரசு' என்னும் சொல் கோலாலம்பூர்க் 'கூட்டரசுப் பிரதேசம்' என்பதில் வழங்குகிறது. ஆட்சி என்பது செயல். அரசு என்பது அமைப்பு. முறைமையைக் கூட்டாட்சி எனவும், அம்முறைமையில் அமைந்த நாட்டைக் கூட்டரசு எனவும் பிரித்தாளுதல் நமக்கும் பயன்தரும்.

6. பகிர்வு என்னும் பொதுமை

அதிகாரம் தொடர்பாகத் தமிழில் மிகுதியும் வழங்கும் தொடர் 'அதிகாரப் பகிர்வு'. பங்கீடு, பரவலாக்கம், அளிப்பு, ஒப்படைப்பு ஆகிய நான்கு வேறு உறவுகள் இந்த ஒரு தொடரில் கரைந்துவிடுகின்றன. இவற்றின் வேறுபாட்டை அரசமைப்பின் தொடரமைப்பே காட்டுகிறது.

246-ஆம் உறுப்பு, ஒன்றியப் பட்டியலில் சட்டமியற்றும் அதிகாரம் பாராளுமன்றத்திற்கு உண்டு என்கிறது. மாநிலப் பட்டியலில் அவ்வதிகாரம் மாநிலச் சட்டமன்றத்திற்கு உண்டு என்கிறது. இருவர்க்கும் அதிகாரம் தருவது அரசமைப்பே. ஒருவர் மற்றவர்க்குத் தருவதில்லை. 1992-இல் இயற்றப்பட்டு 1993 ஜூன் 1 முதல் நடைமுறைக்கு வந்த எழுபத்து நான்காம் திருத்தத்தின் 243-டபிள்யூ உறுப்போ, மாநிலச் சட்டமன்றம் சட்டத்தின்வழி நகராட்சிகளுக்கு அதிகாரங்களை அளிக்கலாம் என்கிறது. தமிழில் இரு தொடர்களிலும் நான்காம் வேற்றுமையே வருகிறது: 'மாநிலத்திற்கு உண்டு', 'நகராட்சிக்கு அளிக்கலாம்'. ஆயின் முன்னது உடைமைப் பொருளில் வந்தது. பின்னது கொடைப் பொருளில் வந்தது. மாநிலம் உடையது, நகராட்சி பெறுவது. 'அதிகாரம் பகிரப்பட்டுள்ளது' எனச் செயப்பாட்டுவினையில் இரண்டையும் ஒருங்கே எழுதும்போது கொடுப்போர் மறைகின்றனர். உடையோரும் பெறுவோரும் ஒரு நிலையினராய்த் தோன்றுகின்றனர்.

'அளிக்கலாம்' என்பதிலுள்ள விகுதியின் விளைவை மெட்டுகுடாவின் குடிநீர்க் குழாயில் காணலாம். பன்னிரண்டாம் இணைப்புப் பட்டியல் நகராட்சிக்குரியனவாக 18 இனங்களைக் கூறுகிறது; குடிநீர் வழங்கல் அவற்றுள் ஒன்று. ஆனால் ஐதராபாத்தில் குடிநீரையும் கழிவுநீரையும் நடத்துவது 1989-ஆம் ஆண்டு மாநிலச் சட்டத்தால் அமைந்த பெருநகரக் குடிநீர் வாரியம். பட்டியலில் பெயர் இருப்பினும், அளிப்பது மாநிலத்தின் விருப்பம். இதற்கு மாறாக, ஐந்தாண்டுக்கொருமுறை தேர்தல் நடத்துவது கட்டாயமாக விதிக்கப்பட்டுள்ளது. ஆங்கிலச் சட்டநடையில் 'மே', 'ஷல்' என இரு துணைவினைகள் தாங்கும் இவ்வேறுபாட்டைத் தமிழில் '-லாம்', '-வேண்டும்' என்பவை தாங்குகின்றன. இவ்விடத்துத் தளர்வாக 'வழங்கப்படும்' என எழுதிய மொழிபெயர்ப்பு, இல்லாத உரிமையை உண்டாக்கிக் காட்டும்.

இணைப்புச் சொற்களிலும் கருத்து வேண்டும். மாநிலத்தின் அதிகாரம் 246-ஆம் உறுப்பின் 1, 2-ஆம் கூறுகளுக்கு 'உட்பட்டு' அமைந்தது. 'உட்பட்டு' என்பதும் 'உட்பட' என்பதும் ஒரே வினையடியில் பிறந்த எச்சங்கள். முன்னது கட்டுப்படுதலையும் பின்னது அடங்குதலையும் உணர்த்தும். 'கூறுகளுக்கு உட்பட்டு' என்பது அச்சில் 'கூறுகள் உட்பட' என ஆயின், மாநிலத்தின் அதிகாரம் ஒன்றியத்தின் அதிகாரத்தையும் தன்னுள் கொண்டதாகிவிடும். ஓர் எழுத்தளவு வேறுபாட்டில் கூட்டாட்சி தலைகீழாகும் இடம் இது. மூன்றாம் பட்டியலைப் பொதுப் பட்டியல், ஒத்திசைவுப் பட்டியல் என்றெல்லாம் கூறுவதும் இத்தகையதே. 'பொது' என்பது இருவர்க்கும் சமம் எனத் தோற்றுவிக்கும். 'ஒத்திசைவு' என்பது இருவரும் இசைந்தனர் எனத் தோற்றுவிக்கும். முரண் நேரின் பொதுவாகப் பாராளுமன்றச் சட்டமே மேலோங்கும் என்னும் 254-ஆம் உறுப்பின் விதியை இரண்டும் காட்டுவதில்லை. 1976-இல் நாற்பத்திரண்டாம் திருத்தத்தால் கல்வி மாநிலப் பட்டியலிலிருந்து இம்மூன்றாம் பட்டியலுக்கு மாற்றப்பட்டதன் விளைவைப் 'பொதுவாயிற்று' என்னும் சொல் மென்மையாக்கிவிடுகிறது.

7. கருத்தும் இசைவும்

புதிய மாநிலத்தை அமைக்கும் 3-ஆம் உறுப்பு, மசோதாவை உரிய மாநிலச் சட்டமன்றத்தின் கருத்தைத் தெரிவிக்குமாறு அனுப்ப வேண்டும் என்கிறது. இசைவு வேண்டும் எனக் கூறவில்லை. 2014 ஜனவரி 30-ஆம் நாள் ஆந்திரப் பிரதேசச் சட்டமன்றம் மறுசீரமைப்பு மசோதாவைக் குரல் வாக்கெடுப்பால் நிராகரித்தது. பிப்ரவரியில் பாராளுமன்றம் அதனை நிறைவேற்றியது. ஜூன் 2-ஆம் நாள் தெலங்காணா பிறந்தது. மெட்டுகுடா இடம் பெயராமலே வேறு மாநிலத்துக்குரியதாயிற்று. பத்தாண்டுக் காலம், 2024 ஜூன் 2 வரை, ஐதராபாத் இரு மாநிலங்களுக்கும் பொதுத் தலைநகராகவும் விளங்கிற்று. 'சட்டமன்றத்தின் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது' என்று எழுதும் தமிழ்ச் செய்தி, நிராகரித்த பின்னும் மாநிலம் எவ்வாறு பிரிந்தது என்னும் வினாவிற்கு விடை கூற இயலாது. கருத்து, கலந்தாய்வு, பரிந்துரை, இசைவு, ஒப்புதல் என்னும் ஐந்தும் வெவ்வேறு கட்டுப்பாட்டளவு உடையன. சரக்கு, சேவை வரி மன்றத்தின் பரிந்துரை பாராளுமன்றத்தையோ மாநிலச் சட்டமன்றங்களையோ கட்டுப்படுத்தாது என 2022-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியதும் இத்தகைய சொல் ஒன்றன் அளவைப் பற்றியதே.

8. மூன்றாவதன் பெயர்

மத்திய அரசு, மாநில அரசு என்போர் மூன்றாவதை 'உள்ளாட்சி அரசு' எனக் கூறுவதில்லை. 'உள்ளாட்சி அமைப்பு' என்றே கூறுவர். தெலுங்கிலும் முன்னிரண்டும் ப்ரபுத்வம், மூன்றாவது 'ஸ்தானிக ஸம்ஸ்த'. அரசமைப்பின் 12-ஆம் உறுப்பு, அடிப்படை உரிமைகளின் பொருட்டு, உள்ளாட்சி அமைப்புகளையும் 'அரசு' என்பதனுள் அடக்குகிறது. வழக்கோ அவற்றை அரசுக்கு வெளியே நிறுத்துகிறது. இது மொழிபெயர்ப்பாளரின் பிழையெனக் கூறுதல் முறையன்று. 1955-ஆம் ஆண்டு ஐதராபாத் மாநகராட்சிச் சட்டத்தில் செயலாட்சி அதிகாரம் மாநில அரசு அமர்த்தும் ஆணையரிடம் வைக்கப்பட்டமையே போல, நடைமுறை இவ்வழக்கிற்கு அடிப்படையாய் உள்ளது. ஆயினும் ஐதராபாத் மக்கள் தம் மாநகராட்சியை இன்றும் 'பல்தியா' என உருதுப் பெயரால் அழைக்கின்றனர். 'பலத்' என்னும் ஊர்ச்சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது. தமிழின் 'ஊராட்சி', 'நகராட்சி', 'மாநகராட்சி' என்னும் வரிசையிலும் ஊரே ஆள்கிறது என்னும் கருத்து உண்டு. சொல்லில் ஆட்சி உளது; சட்டத்தில் அது இன்னும் முழுமையாக வரவில்லை என்பதே உண்மை. இத்தகைய இடத்தில் சொல்லைத் தாழ்த்த வேண்டியதில்லை. அச்சொல் குறையைச் சுட்டும் சான்றாக நிற்கட்டும்.

9. முடிவுரை

மேற்கூறியவற்றால் பெறப்படும் நெறிகளைத் தொகுத்துரைக்கலாம். (1) அரசமைப்பில் 'ஒன்றியம்', சட்டங்களில் மூலம் கூறுமாறு 'மத்திய அரசு' என ஆவணத்தின் வகை நோக்கிச் சொல்லைத் தெரிதல் வேண்டும். (2) 'கூட்டாட்சி' அமைப்புக்கும் 'கூட்டணி ஆட்சி' கட்சிகளுக்கும் உரியதாக வரையறுக்கப்படுதல் வேண்டும். (3) 'பகிர்வு' என்பதைப் பொதுச் சொல்லாக மட்டும் கொண்டு, உடைமை, அளிப்பு, ஒப்படைப்பு ஆகியவற்றை வினைமுற்றாலும் வேற்றுமையாலும் வேறுபடுத்திக் காட்டல் வேண்டும். (4) '-லாம்', '-வேண்டும்', 'உட்பட்டு', 'இசைவு' ஆகியவை பெயர்ச்சொற்களினும் மிகுந்த கவனத்தோடு ஒப்புநோக்கப்படுதல் வேண்டும்.

கலைச்சொல் அகராதிகள் இதுவரை பெயர்ச்சொற்களையே தொகுத்து வந்துள்ளன. ஆயின் அதிகாரத்தின் அளவை முடிவுசெய்பவை பெரும்பாலும் வினைகளும் எச்சங்களும் வேற்றுமை உருபுகளுமே என்பது மேற்காட்டிய சான்றுகளால் புலனாகும். சட்டத் தமிழுக்கு அத்தகைய தொடரமைப்பு அகராதி ஒன்று தேவை. இரயில்வே குடியிருப்பிலோ அதனை அடுத்த தெருவிலோ வாழும் ஒருவர் தம் மனுவை எந்த அலுவலகத்துக்கு எழுதுவது என்பதை மொழிபெயர்ப்பைப் படித்தே அறிந்துகொள்ள இயலுமாயின், அதுவே அத்தகைய அகராதியின் பயன் எனலாம்.